கடைசி நல்ல அளவு

சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, எங்கள் மேனேஜர் பாலமுரளி இப்போதுதான் முதல் படத்தைத் திரையில் போட்டிருக்கிறான். மூன்று பெட்டிகள், கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று, இடையில் மேல் நோக்கி அம்புக்குறிகள். நான் வரைந்த படம். மூலையில் சின்ன எழுத்தில் என் பெயர்கூட இருக்கிறது, தணிகாசலம், ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுகிறவனுக்கும் இதே பட்டம்தான், அவன் கட்டியது சரிந்தால் தெருவே கூடி நின்று பார்க்கும், நான் கட்டியது சரிந்தால் ஒரு தூசிகூடக் கிளம்பாது, திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும், அதுதான் இந்த வேலையில் உள்ள சௌகரியம். சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடி அறை, ஏசி எலும்பு வரைக்கும் இறங்குகிறது, மேசை நடுவில் இருக்கும் போனுக்குள்ளிருந்து மருந்துக் கம்பெனியின் நீரஜா மேடம் அவ்வப்போது இருமுகிறார். எதிரில் ஜெபசெல்வி, எங்கள் டீமில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்காதே அம்மா. சொல்கிறேன். கூட்டம் முடியும்போது நான் ‘அப்ரூவ்டு’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். காலையில் கேன்டீனில் நீ அந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன்.

“வந்தது வந்தபடி கீழ் அடுக்குல இருக்கும் மேடம். சுத்தம் பண்ணினது நடு அடுக்கு. மேல் அடுக்குலதான் உங்க ரிப்போர்ட்” என்கிறான் பாலமுரளி. நான் சொல்லிக் கொடுத்த வரிகள். நீரஜா மேடத்தின் கம்பெனிக்கு ஊரெல்லாம் மருந்துக்கடைகள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கென்று தனி வண்டிகள், ஒவ்வொரு வண்டிக்குள்ளும் சூட்டை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கருவி. அந்த எண்கள் எல்லாம் எங்கள் டேட்டா வேர்ஹவுஸில் வந்து விழும், கிடங்கு என்று பெயர், மூட்டை கிடையாது, எலி கிடையாது. கோயம்பேட்டிலிருந்து மண்ணோடு வந்த காய் கீழே, கழுவி நறுக்கியது நடுவில், இலையில் பரிமாறியது மேலே என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள், வருஷக்கணக்காக அதையே சொல்லி அதற்கே சிரிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை சுலோவிடமும் சொன்னேன். சுலோச்சனா, என் மனைவி. அவள் சிரிக்கவில்லை. “கழுவும்போது எது அழுகல், எது நல்லதுன்னு யாரு பாக்கறது?” என்று கேட்டாள். யாரும் பார்ப்பதில்லை, விதி எழுதி வைத்திருக்கிறோம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்றேன். “பாக்காமயே எறிஞ்சிருமா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுக்கடுக்காக ஏன் கட்டுகிறோம் தெரியுமா, நடுவில் தப்பு நடந்தால் கீழே போய் அசலைப் பார்க்கலாம் என்றுதான். அது பாடம். நடைமுறையில் கீழே யாரும் இறங்குவதில்லை, படி வைத்துக் கட்டுவதோடு சரி. ஜெபசெல்வி இறங்கியிருக்கிறாள்.

யாரும் சொல்லி அவள் இறங்கவில்லை. “சார், ஒரு நிமிசம் இதப் பாருங்களேன்” என்று காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். தூத்துக்குடிக்காரி, அதட்டிப் பேசினாலும் பாட்டுப் போல இருக்கும், இன்று பாட்டு இல்லை. “நடு அடுக்குல பாத்தா இந்த வண்டி மத்தியானத்துலேருந்து ராத்திரி வரை நாலு டிகிரின்னு கெடக்கு. அசையவே இல்ல. அதென்ன சார், ஒரு எண்ணு அசையாம நிக்கும்னு கீழ போய்ப் பாத்தேன். முப்பத்தேழு, முப்பத்தொம்பது, நாப்பத்தொண்ணு. மே மாசத்து வெயில்ல, வாலாஜா பக்கத்துல வண்டி பழுதாகி நின்னுருக்கு. உள்ள பூரா இன்சுலின் சார்.” நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்பு. எனக்குப் புரிந்துவிட்டது, பார்ப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. முப்பதுக்கு மேல் வருகிற எண்ணைக் கருவியின் கோளாறு என்று எடுத்துக்கொள், தூக்கி எறி, அந்த இடத்தில் அதற்கு முன் குளிர் வரம்புக்குள் வந்த கடைசி நல்ல அளவைப் போட்டு நிரப்பு. அதுதான் விதி. மீன் கம்பெனிக்கு எழுதியது. வருஷம் முழுக்கப் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் மீன் ஏற்றுகிற வண்டிகளுக்கு, அங்கே முப்பது டிகிரி என்று ஒரு கருவி சொன்னால் அது பொய்தான், அந்த ஊரில் அடுப்புக்குள் வைத்தால்தான் முப்பது வரும். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம், பழைய வேலையிலிருந்து எதையாவது எடுத்துப் புது வேலையில் சேர்க்க வேண்டும், எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு மதிப்பெண், சுழற்கோப்பைகூட உண்டு. நாங்கள் அந்தச் சுத்தம் செய்யும் விதிகளை மொத்தமாகத் தூக்கி வந்து வைத்தோம். மீன் என்று இருந்த இடத்தில் மருந்து என்று மாற்றினோம். கோப்பை பாலமுரளியின் மேசையில் இருக்கிறது. முப்பது டிகிரியா, சென்னையில் விடிந்தால் முப்பது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றித்தான் காலையிலிருந்து மண்டை ஓடுகிறது. வண்டி கொஞ்சமாகக் கெட்டு பன்னிரண்டு, பதினைந்து என்று போனால் மேலே சிவப்பு எரியும், சரக்கைத் திருப்பிவிடுவார்கள். சுத்தமாகக் கெட்டு முப்பதைத் தாண்டிவிட்டால் நாலு டிகிரி, பச்சை. அரைகுறையாகக் கெட்டது மாட்டிக்கொள்ளும், முழுசாகக் கெட்டது தப்பித்துக்கொள்ளும், ஊரில் மனிதர்களுக்கு உள்ள நியாயத்தையே எண்களுக்கும் வைத்திருக்கிறோம். கதவை இழுத்து மூடின வண்டிக்குள் பன்னிரண்டிலிருந்து முப்பதுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும், அந்த இடைவெளிக்குச் சிவப்பு வந்திருக்குமே என்று ஜெபசெல்வியிடம் கேட்டேன், ஏதாவது ஒரு துரும்பு கிடைக்காதா என்று. “வந்துருக்கு சார். கொஞ்ச நேரம் செவப்பு, பெறகு பச்சை. சரியாயிருச்சுன்னு நெனச்சு ஏத்திக்கிட்டாங்க” என்றாள். கோடை தொடங்கியதிலிருந்தே முன்னோட்டமாக ஓடுகிறது இந்த ரிப்போர்ட். பச்சை வந்தால் சரக்கு கடைக்குப் போகும், அவ்வளவுதான் அங்கே வேலை, பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது, எங்களை நம்பினார்கள். “எத்தனை வண்டி?” என்றேன். “மே மாசம் மட்டும்தான் பாத்தேன் சார். அதுக்கு மேல பாக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க மீட்டிங்ல சொல்லுங்க. நான் சொன்னா முன்னாடியே ஏன் பாக்கலன்னு என்னையத்தான் பிடிப்பாங்க.” சொல்கிறேன் என்றேன். தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்யாத குறை.

சொன்னால் என்ன ஆகும். போன வருஷம் இதே அறையில், இதே நாற்காலியில் ஒருவர், என்னைவிட மூத்தவர், கிளையண்ட் முன்னால் எழுந்து இது சரியில்லை என்றார். சரியாகத்தான் சொன்னார். எல்லாரும் நன்றி சொன்னார்கள். அடுத்த மாதம் அவருக்கு வேலை எதுவும் ஒதுக்கவில்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை, தினமும் வந்து கேன்டீனில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார், பிறகு ஒரு நாள் அவர் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. கதவு முன்னால் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாராம், காவலாளி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாராம். எனக்கு நாற்பத்தெட்டு. இந்த வயதில் வெளியே போனால் இவன் எதற்குத் துரத்தப்பட்டான் என்றுதான் முதலில் கேட்பார்கள். சுலோவின் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனியின் காப்பீட்டில்தான் ஓடுகிறது, இந்த வாசல் கதவு எனக்குத் திறக்காவிட்டால் ஆஸ்பத்திரிக் கதவும் அவளுக்குத் திறக்காது. அதனால் பயப்படுகிறேனா, இல்லை, பயப்படுவதற்கு அது வசதியாக இருக்கிறது. நான் எப்போதுமே பயந்தவன்தான், பள்ளிக்கூடத்தில் அடுத்தவனை அடித்தால் எனக்கு அழுகை வரும். பாலமுரளி அடுத்த படத்துக்குப் போய்விட்டான், தமிழ்நாட்டு வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகள். “ஓசூர் கிடங்குலேருந்து கிளம்பற வண்டி செங்குன்றம் வரும் மேடம், அங்கேருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர் கடைகளுக்குப் பிரியும்.” பெரம்பூர். வாலாஜா ஓசூர்ப் பாதையில்தான் இருக்கிறது. பெரம்பூர் கடை மார்க்கெட் திருப்பத்தில் இருக்கிறது, வாசலில் செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருப்பார், உள்ளே பெரிய குளிர்பெட்டி, சுலோ அங்கேதான் வாங்குகிறாள்.

அசையவில்லை நான்.  சுலோ அங்கேதான் வாங்குகிறாள், கோடை தொடங்கியதிலிருந்து அவள் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது, இந்த இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் என் மண்டைக்குள் இத்தனை நாள் தனித்தனியாக இருந்திருக்கின்றன. காலையில் வண்டியைச் சொன்னபோதுகூட இடிக்கவில்லை. இன்சுலின் என்று அந்தப் பெண் வாயைத் திறந்து சொன்னாள், நான் அவள் நகத்தைப் பார்த்தேன். அது உறைக்க ஒரு பச்சைப் புள்ளி வேண்டியிருக்கிறது எனக்கு, பெரம்பூர் என்று பக்கத்தில் எழுதி. “மருந்தே வேலை செய்யல போல இருக்குங்க” என்றாள் சுலோ, சித்திரையில் ஒரு நாள், அளந்து பார்த்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு. மருந்து வேலை செய்யாமல் என்ன, நீ வாயைக் கட்டவில்லை என்றேன். மறுநாளும் ஏறியிருந்தது. அளக்கிற பட்டை பழசாகியிருக்கும், இதை விடு, கடைசியாக நன்றாக இருந்த அளவை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அப்படியே சொன்னேன், இதே வார்த்தைகளில், அலுவலகத்தில் எழுதுவதையே வீட்டிலும் பேசுகிறேன். மாம்பழ சீசன் வந்தது. ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குப்பைக்கூடையைக் கிளறினேன், ஆமாம், கையை விட்டுக் கிளறினேன், முட்டை ஓட்டுக்கும் காப்பித்தூளுக்கும் நடுவில் ஒரு மாங்கொட்டை. அதை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். தலையில் துண்டோடு வந்தவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வேலைக்கு வர்ற அம்மாவுக்கு நறுக்கிக் குடுத்தேங்க. நான் ஒரு துண்டுகூட வாயில வைக்கல. சத்தியமா வைக்கல.” திருடன் என்றைக்கு ஒத்துக்கொண்டான் என்று டிவியைப் போட்டேன். அவள் அழுததைக் கேட்கக்கூடாது என்றுதான் சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்கப்புறம் அவள் பழம் நறுக்குவதையே நிறுத்திவிட்டாள், வீட்டில் இனிப்பு வருவதையே நிறுத்திவிட்டாள், சோற்றைக் குறைத்து, இட்லியைக் குறைத்து, எலும்பும் தோலுமாகி, அப்படியும் முந்நூற்றி இருபது, முந்நூற்றி ஐம்பது. டாக்டர் கேட்டார், மருந்தைச் சரியாகப் போடுகிறீர்களா, குளிர்பெட்டியில் வைக்கிறீர்களா. அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன், எல்லாம் சரியாகத்தான் டாக்டர், இவங்க வாய்தான். டாக்டர் சிரித்தார். அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வைகாசியில் வலது கால் கட்டை விரலில் செருப்புக் கடித்தது, கடுகளவு புண். ஆறவில்லை. போன வாரம் நகத்தடி கறுத்திருந்தது. விரலை எடுக்க வேண்டி வரலாம், பார்க்கலாம் என்றார் டாக்டர், விரலோடு நிற்குமா என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னாள், “வேணும்னே நான் பண்ணிக்கிட்டேன்னு நெனைக்கறீங்களா?” நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஆட்டோவுக்குள் இப்போது திரும்பிப் போக முடிந்தால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறுவேன், ஆனால் போக முடியாது, பாலமுரளி இங்கே புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருக்கிறான், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சொச்சம் அளவுகள் சரியாக இருக்கின்றன மேடம். இருக்காதா. சரியில்லாததை எல்லாம் நாங்களே சரியாக்கிவிட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், மறைக்கலாம், சோறு அடுக்கடுக்காக இருந்தால் போதும்.

“ஒரு கேள்வி” என்று போனுக்குள்ளிருந்து நீரஜா மேடம். எழுந்துவிட்டேன், பாதி, என் பெயரைச் சொல்லிவிட்டாரோ என்று. “அந்தக் கீழ் அடுக்கை எதுக்கு இவ்வளவு நாளைக்கு வச்சிருக்கணும்? இடம்தான் அடைக்குது. சுத்தம் பண்ணினதுதான் நடுவுல இருக்கே. ஒரு மாசத்துது போதும், பழசை அழிச்சிடலாம். இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்களேன்.” பழசு என்றால் மே. பழசு என்றால் வாலாஜாவில் வெயிலில் நின்ற வண்டி, முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. அது போய்விட்டால் உலகத்தில் எங்கேயும் அந்த வெயில் அடித்ததாக ஆதாரம் கிடையாது, நாலு டிகிரி மட்டும்தான் நிற்கும். என் லேப்டாப்பின் ஓரத்தில் ஜெபசெல்வியின் செய்தி எட்டிப் பார்த்தது, ‘சார் ப்ளீஸ் இப்பச் சொல்லுங்க’. தொண்டையைக் கனைத்தேன். “மேடம், ஒரு சின்ன விஷயம்...” என்றேன். சின்ன விஷயம் என்றேன் பாருங்கள். பாலமுரளி சட்டென்று என் பக்கம் திரும்பினான், சிரித்துக்கொண்டேதான், கண் மட்டும் சிரிக்கவில்லை. “தணிகா, முக்கியமா? இல்ல பார்க்கிங் லாட்ல போட்டுக்கலாமா?” கூட்டத்தில் யாராவது வேண்டாததைக் கேட்டால் அதை வெள்ளைப் பலகையின் மூலையில் எழுதி ஒரு கட்டம் போட்டுவிடுவோம், வண்டியை ஓரம் கட்டுகிற மாதிரி, பிறகு பேசலாம் என்று அர்த்தம், எந்தக் கூட்டத்திலும் அந்தப் பிறகு வந்ததில்லை. பலகையைத் துடைக்கிறவருக்குத்தான் அதெல்லாம் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  “போட்டுக்கலாம்” என்றேன்.

இல்லை, இப்போதும் சொல்லலாம், கை தூக்கினால் போதும், விதி தப்பு, வண்டி வெந்திருக்கிறது, கடைகளில் இருக்கிற இன்சுலினை எல்லாம் திரும்ப எடுங்கள், மூன்று வாக்கியம், ஒரு மூச்சு. எத்தனை வீடு. பெரம்பூரில் எத்தனை சுலோச்சனா, எத்தனை கட்டை விரல், எத்தனை புருஷன்மார் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள், சின்னக் குழந்தைகளுக்குக்கூட இது வருமே, ஊசி போட்டும் வாடிக்கிடக்கிற குழந்தையை இன்னும் என்னத்தைத் தின்றாய் என்று எந்தத் தாய் அறைந்தாளோ. சொல்லிவிடு. சொன்னால் முதல் கேள்வி, இந்த வடிவமைப்பு யாருடையது. மூலையில் சின்ன எழுத்து. பிறகு மெதுவாக மெயில் போடலாம், பாலமுரளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், அடுத்த மாதம் விதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், மழை வந்துவிட்டால் சூடும் குறையும். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. சுலோவுக்கு ஒரு போன் போட்டால் போதும். அந்த மருந்தைத் தூக்கி எறி, வேறு கடையில் வாங்கு, அவ்வளவுதான், என் வீடு தப்பித்துவிடும். ஐயோ, எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பசிக்கக்கூடச் செய்தது. என்னை நினைத்து எனக்கே குமட்டியது, குமட்டலும் பசியும் ஒரே வயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, சண்டை போட்டுக்கொள்ளவில்லை. மதிய ஊசி ஒரு மணிக்குப் போடுவாள், அதற்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டும்.

“தணிகா, நீங்க சொல்லுங்க. அழிச்சிடலாம் இல்ல?” என்றார் நீரஜா மேடம். பாலமுரளி பேனாவை மூடினான். அழிச்சிடலாம் மேடம் என்று யாரோ சொன்னார்கள், என் குரல் மாதிரியே இருந்தது, நன்றாகவே இருந்தது, தடுமாறவில்லை. “அப்ப டிசைன் அப்ரூவ்டு?” அப்ரூவ்டு. போனுக்குள் யாரோ கை தட்டினார்கள், இங்கேயும் இரண்டு பேர் தட்டினார்கள், பாலமுரளி கேக் வரச் சொல்லியிருக்கிறானாம், வெட்டலாம் வாங்க என்றான், ஒவ்வொரு அப்ரூவலுக்கும் ஒரு கேக், அதுவும் ஒரு வழக்கம். ஜெபசெல்வி பாட்டில் மூடியை இறுக்கி மூடினாள். லேப்டாப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் போனாள், நின்றாள் ஒரு விநாடி, ஏதாவது சொல்வாள் என்று கழுத்தைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு மூடுகிற சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தேன். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று பாலமுரளியிடம் சைகை காட்டிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன், ஒரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

நான்கைந்து மணி அடித்துத்தான் எடுத்தாள். “என்னங்க, இந்நேரத்துல?” நான் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினேன், சுலோ, கேளு, குளிர்பெட்டியில இருக்கற அந்த மருந்தப் போடாத, மிச்சம் இருக்கற எல்லாத்தையும் தூக்கி எறி, நான் சாயங்காலம் வேற கடையில வாங்கிட்டு வர்றேன்.  “கெட்டுப்போச்சா?” ஆமாம், ஆபீஸ்ல தெரிஞ்சது என்றேன். “எத்தனை நாளா?” அதெல்லாம் அப்புறம் சொல்றேன், நீ போட்டுக்காத. “அந்த மருந்தாலயா எனக்கு இப்படி?” என்றாள், கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.  காரிடாரின் அந்தப் பக்கம் கண்ணாடிக்குள் கேக்குப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். பிறகு அவள் சொன்னாள், “ஏங்க, கீழ் வீட்டு கமலவேணி டீச்சருக்கும் நான்தானே அங்கேருந்து சேர்த்து வாங்கிட்டு வருவேன். கண்ணு தெரியலன்னு தினம் மேல வந்து எங்கிட்டத்தான் ஊசி போட்டுக்கறாங்க. இதோ எதிர்ல உக்காந்திருக்காங்க, ஊசியில மருந்த ஏத்திட்டேன். என்ன பண்ணட்டும்?”

டீச்சர் ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிறது, அவர் மகன் வக்கீல். டீச்சருக்குத் தெரிந்தால் மகனுக்குத் தெரியும், மகனுக்குத் தெரிந்தால் கடைக்கு, கடையிலிருந்து கம்பெனிக்கு, கம்பெனியிலிருந்து நீரஜா மேடத்துக்கு, யார் அப்ரூவ் செய்தது என்று. இது அத்தனையும் ஒரு மூச்சுக்குள் ஓடி முடிந்துவிட்டது, என் மண்டை இதற்கெல்லாம் நன்றாக வேலை செய்யும். சுலோ, மெதுவாப் பேசு, என்றேன். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாத. எப்பவும் போல போட்டு அனுப்பிடு.

 லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவள் குரல் கேட்டது, கொஞ்சம் தள்ளி, என்னிடம் பேசுகிற குரல் இல்லை.

“டீச்சர், கையை எடுத்துக்குங்க. போட வேணாம். இந்த மருந்து கெட்டுப்போனதாம். எங்க வீட்டுக்காரர்தான் சொல்றார், அவங்க ஆபீஸ்ல தெரியுமாம்.”

டீச்சர் ஏதோ கேட்டார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சுலோ மறுபடியும் போனைக் காதில் வைத்தாள்.

“எப்பலேருந்து தெரியும்னு கேக்கறாங்க. போனைக் குடுக்கறேன், நீங்களே சொல்லுங்க.”